எதிராளிக்குப் போன பலகாரத் தட்டு

ரூடா,
திருநீற்றுப் புதனுக்கு மறுநாள்.

அன்பு மகள் உலாவுக்கு அப்பா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் இடது முழங்காலைத் தவிர, அது எப்போதும்போல் தனிக்கட்சி. நீயும் மாப்பிள்ளையும் குட்டி ஹானியாவும் அந்த எட்மன்டன் பனியில் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. நேற்றுத் தவக்காலம் தொடங்கியது, ஈஸ்டர் வரை பீர் தொடமாட்டேன் என்று பங்குச்சாமியின் முன்னால் வாயை விட்டுவிட்டேன், அதனால் இந்தக் கடிதத்தில் எங்காவது கடுகடுப்பு தெரிந்தால் பெரிதுபடுத்தாதே.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "அப்பா, நிஜமா என்னதான் நடந்துச்சு, இங்க போலந்துக்காரங்க எல்லாரும் அம்மாவைப் பத்தித்தான் பேசுறாங்க" என்று கேட்டாய். நான் குளிர் எப்படி, பனி எத்தனை அடி என்று சுற்றி வளைத்தேன். நான் என்ன செய்வேன், உன் அம்மா என் முழங்கையை ஒட்டி நின்றுகொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் கண்ணை உருட்டினாள். 'தாயின் இனிப்புச் சதி' என்று பத்திரிகையில் போட்டார்களே, அன்றிலிருந்து ரொட்டிக்கடைக்குப் போவதென்றாலும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டுதான் போகிறாள். இப்போது பாட்டுக்குழுப் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், நான் மாடியில் புறாக்கூண்டு அறைக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதத்தில் கறை இருந்தால் அது மை அல்ல, துடைத்துவிட்டுப் படி.

உனக்குத் தெரிந்த கதைதான் முன்பாதி, ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். உன் தம்பி ஆக்கிம் குத்துச்சண்டைக்குப் போனதே உன்னால்தான். உன் மிதிவண்டியைக் கேட்காமல் எடுத்தான் என்று நீ விட்ட குத்தில் அவன் மூக்கு குடைமிளகாய் மாதிரி வீங்கி, மறுநாள் சுரங்கத் தொழிலாளர் மன்றத்தில் எவால்ட் வாத்தியார் முன்னால் போய் நின்றான். யாரை அடிக்கணும் என்று வாத்தியார் கேட்டாராம். "யாரையும் அடிக்க வேணாம் வாத்தியாரே, அக்கா அடிச்சா மேல படாம இருக்கணும், அது போதும்" என்றானாம். தற்காப்பில் கெட்டிக்காரன், அடிப்பதில்தான் கொஞ்சம் தயக்கம் என்று இன்றைக்கும் பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். காரணம் எட்மன்டனில் குடித்தனம் நடத்துகிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

அப்புறம் அந்த வெள்ளிப் பதக்கங்கள். பள்ளி மாணவர் போட்டியில் வெள்ளி, இளைஞர் போட்டியில் வெள்ளி, பெரியவர்களின் தேசியப் போட்டியில் இரண்டு தரம் வெள்ளி. போஸ்னானில் இறுதிப்போட்டிக்கு முன்னால் எதிராளிக்குக் கடும் காய்ச்சல், வரவே மாட்டான் என்றார்கள், வந்தான், தும்மிக்கொண்டே ஜெயித்துவிட்டுப் போனான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பது நம் வீட்டுக்காகவே சொல்லிவைத்தது. உன் அம்மா நாலு பதக்கத்தையும் சமையலறையில் கரண்டி மாட்டும் கொக்கியில் மாட்டிவைத்தாள், யாராவது கேட்டால், வெள்ளி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால்தான் கறுக்காது என்பாள். அவன் அங்கே சாப்பிட உட்காரும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு பணத்துக்காக ஆடும் பக்கம் போனான், அப்போது நீ கனடாவுக்குக் கிளம்பிவிட்டாய். முதல் சண்டை ரிப்னிக்கில் ஒரு நாற்காலி மேசைக் கடையின் திறப்பு விழாவில் நடந்தது. சோபாக்களுக்கு நடுவே கயிறு கட்டியிருந்தார்கள், இவன் விட்ட குத்தில் எதிராளி கயிற்றைத் தாண்டிப்போய் ஒரு சோபாவில் விழுந்து அங்கேயே தூங்கிவிட்டான், எவ்வளவு மெத்தென்று இருக்கிறது பாருங்கள் என்று கடைக்காரர் அதை அன்றைக்கே விற்றுவிட்டார். போட்டி நடத்துகிறவர்கள் இவனுக்கு 'ரூடாவின் சுத்தியல்' என்று பெயர் வைத்தார்கள். "இவனா சுத்தியல்? படம் மாட்ட ஒரு ஆணி அடிடான்னா பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவான்" என்றாள் உன் அம்மா. உள்ளூரில் ஜெயிப்பான், ஜெர்மனி டென்மார்க் என்று கூட்டிப்போனால் பாயிண்டில் தோற்று, கண்புருவத்தில் தையலோடு வருவான். பகலில் டயர் கடை வேலை, மாலையில் வாத்தியாரின் மன்றம், இப்படியே முப்பத்துநாலு வயது ஆகிவிட்டது.

போன இலையுதிர் காலத்தில் இங்கே புறாக்கூண்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அப்பா, இன்னும் ஒன்னே ஒன்னு ஆடறேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் அதோட கையுறையைக் கழட்டிடுவேன். ஆனா ஒரே ஒரு தடவை முதல்ல வந்துட்டுக் கழட்டணும்பா" என்றான். நான் முப்பது வருஷம் பூமிக்கு அடியில் நிலக்கரி வெட்டினவன், எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. சரிடா என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் போயிற்று.

மத்திய ஐரோப்பியப் பட்டம் என்று ஒன்று காலியாக இருந்தது. அப்படி ஒரு பட்டம் இருப்பதே நாலு பேருக்குத்தான் தெரியும் என்று மாப்பிள்ளை சொல்லுவார், சொல்லட்டும், இடுப்புப் பட்டை பளபளவென்று இருக்கிறது. எதிராளி ஓந்த்ரேய் என்று ஒரு ஸ்லோவாக்கியப் பையன், தாடிக்காரன். சண்டை சனிக்கிழமை நம் ஊர் விளையாட்டரங்கத்தில், எடை பார்ப்பது அதற்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கு முந்தின நாள் என்ன நாள்? கொழுத்த வியாழன்! தவக்காலத்துக்கு முன்னால் நாடே ஜாம் அடைத்த பொன்ச்கிப் பலகாரத்தை மூக்குமுட்டத் தின்கிற நாள். இங்கே பிறந்தவன் எவனாவது அதற்கு மறுநாள் எடை பார்க்க வைப்பானா? போட்டி நடத்துகிற முதலாளி வார்சாவைச் சேர்ந்தவர், அந்த ஊர்க்காரர்களிடம் நாள் கிழமை கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

வியாழன் காலையிலேயே உன் அம்மா மாவு பிசைந்து, பன்றிக்கொழுப்பில் பொரித்து, ரோஜா ஜாம் அடைத்து, மலைபோல் குவித்துவிட்டாள். ஒரு வாரமாக முட்டைக்கோஸ் இலையையும் தண்ணீரையும் தின்று கன்னம் ஒட்டிப்போன ஆக்கிம், வாசனை தாங்காமல் மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் எவால்ட் வாத்தியார் பூதம் காத்த மாதிரி காவல். ஆனால் அன்றைக்கு ஒரு பொன்ச்கியாவது தின்னாதவனுக்கு வருஷம் முழுக்க அதிர்ஷ்டம் கிடையாது என்பது உனக்குத் தெரியும், உன் அம்மா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். "ஒரு பொன்ச்கி எழுபது கிராம், கொடுக்க முடியாது" என்றார் வாத்தியார். "அதிர்ஷ்டம் இல்லாம எப்படிய்யா ஜெயிப்பான்" என்றாள் இவள். எவ்வளவு சின்னதாக இருந்தால் அது பொன்ச்கி என்று கணக்கு என்று இருவருக்கும் பெரிய வாக்குவாதம், கடைசியில் பங்குச்சாமிக்கே போன் போட்டார்கள். அவர் வாயில் எதையோ மென்றுகொண்டே, உருண்டையாக இருந்து உள்ளே ஜாமும் இருந்தால் போதும் என்று தீர்ப்புச் சொன்னார். உன் அம்மா தையல் விரலுறை அளவில் ஒன்று பொரித்து, ஊசியால் ஒரு சொட்டு ஜாம் ஏற்றி, வெள்ளித் தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். அதை உன் தம்பி மூன்று கடியாகக் கடித்துத் தின்றான் உலா. நானும் வாத்தியாரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

அதோடு நின்றிருந்தால் ஊர் சிரித்திருக்காது. சாயங்காலம் தட்டு நிறையப் பொன்ச்கியை அடுக்கித் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு உன் அம்மா வெளியே போனாள். மூன்றாம் மாடி ரூஷா வீட்டுக்கு என்று நினைத்தேன். அவள் போனதோ தேவாலயத்துக்கு எதிரே இருக்கிற விடுதிக்கு, அந்த ஓந்த்ரேயின் அறைக்கு! பிறகு நான் தலையில் அடித்துக்கொண்டு கேட்டபோது, "யாருமில்லாத ஊர்ல ஒரு பிள்ளை தனியா உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டிருக்கு, இன்னிக்கு எந்த நாள்! எதிராளியா இருந்தா என்ன, ஒரு தாய் பெத்ததுதானே" என்றாள். விருந்தாளி வந்தால் கடவுள் வந்த மாதிரி என்று நாம்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள்கிறோமே. பையன் ஸ்லோவாக் பேச்சிலேயே, வேணாம்மா, நாளைக்கு எடை என்று கெஞ்சியிருக்கிறான். இவள் விடுவாளா? "ஒன்னே ஒன்னு தின்னு கண்ணு. நாளன்னிக்கு என் பையன் உன்னை அடிக்கப்போறான், அதிர்ஷ்டமும் இல்லேன்னா நீ என்ன பண்ணுவே?" என்றாளாம். ஒன்று தின்றான். ஒரு வாரம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்தவனிடம் அந்த ஒன்று என்ன வேலை செய்யும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே கோபுரத்தைக் காட்டி அதன் வரலாற்றைச் சொல்லிவிட்டுத் திரும்பினால் தட்டில் சர்க்கரைத் தூள் மட்டும்தான், பையன் தேம்பித் தேம்பி அழுகிறான். பாவம், அம்மா ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மன்றத்தில் மேளதாளத்தோடு எடை பார்த்தார்கள். ஆக்கிம் சரியாக நின்றான். அடுத்து ஓந்த்ரேய் ஏறினான், ஒரு கிலோ நூறு கிராம் கூடுதல். துண்டால் மறைத்துக்கொண்டு உள்ளாடையையும் கழற்றிப் பார்த்தார்கள், பயன் இல்லை. அவனுடைய பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார், என்னடா தின்னே என்று. பையன் கூட்டத்துக்குள் விரலை நீட்டி, "இந்த அம்மாதான், இருபது பொன்ச்கி" என்றான். கேமராக்கள் எல்லாம் உன் அம்மா பக்கம் திரும்பின. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இவள், "இருபது எல்லாம் கிடையாது, பத்தொம்பதுதான்! ஒன்னு வழியில நானே தின்னுட்டேன்" என்று சத்தமாகச் சொன்னாள். அந்தப் படம்தான் நீ பார்த்தது.

இரண்டு மணி நேரத்தில் எடை இறங்க வேண்டும், இறங்காவிட்டால் சண்டை கிடையாது, பட்டம் சரியான எடையில் நிற்பவனுக்கு, இதுதான் அந்தப் பட்டத்தின் விதி. முதலாளி ஓடிவந்து ஆக்கிமின் தோளைத் தட்டினார், "தம்பி, பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. பேசாம உக்காரு. ரெண்டு மணி நேரம் கழிச்சு நீதான் சாம்பியன்." வாத்தியாரும் அவன் காதில், "வாங்கிக்கடா, எத்தனை வருஷமா காத்திருக்கே" என்றார். நான் மனதுக்குள் பட்டையைச் சுவரில் மாட்ட இடமே பார்த்துவிட்டேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன. ஆக்கிம் மூலையில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓந்த்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நாலு தடவை ரெண்டாவதா வந்தவன் நான். அதுல எனக்கு வெக்கமே இல்ல. எதிர்ல ஆளே இல்லாம முதல்ல வந்தா, அதுதான் வெக்கம். எங்கம்மா ஏத்தின எடையை எங்க வீட்டிலேயே இறக்கிடறோம்" என்றான். முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் உன் அம்மா ஓந்த்ரேயின் காதைப் பிடித்து எழுப்பிவிட்டாள், "வாடா வீட்டுக்கு" என்று.

அடுத்து நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சமையலறை அடுப்பில் என் நிலக்கரியை, ஏப்ரல் வரை வரவேண்டும் என்று நான் எண்ணி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்த நிலக்கரியை, உன் அம்மா வாளி வாளியாகக் கொட்டினாள். பையனுக்கு நான் புறாக்கூண்டில் போட்டுக்கொள்ளும் கோட்டு ஒன்றை மாட்டி, அதன்மேல் எங்கள் கல்யாணத்து இறகு மெத்தையைச் சுற்றி, பெல்ட் போட்டு இறுக்கி, மாடிப்படியில் ஏறி இறங்க வைத்தார்கள். தனியாக ஓடினால் நின்றுவிடுவான் என்று ஆக்கிமும் கூடவே ஓடினான், மறுநாள் சண்டை வைத்துக்கொண்டு! ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் கதவைத் திறந்து நின்று கைதட்டினார்கள். "ரூஷாக்கா, பொன்ச்கித் தட்டோட நிக்காதீங்க, உள்ள எடுத்துப் போங்க!" என்று ஆக்கிம் கத்துகிறான். "ஓடுறா, ஓடு! நாளைக்கு நான் உன்னை ஒழுங்கா அடிக்கணும்" என்று ஓந்த்ரேயை முதுகில் தள்ளுகிறான், அவன் மூச்சு வாங்க, "அதுக்கு நான் உயிரோட இருக்கணும்ல" என்கிறான். பிறகு அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள், மெத்தையிலிருந்து ஆவி வந்தது. மன்றத்துக்குத் திரும்பும்போது நேரம் முடியப்போகிறது, ஏற்றிப் பார்த்தால் இன்னும் இருபது கிராம் கூடுதல். அவனவனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என் பையில் புறாச் சிறகு கத்தரிக்கிற கத்தரிக்கோல் இருந்தது. நான் யாரையும் கேட்கவில்லை, அவன் தாடியைப் பிடித்து நறுக்கென்று வெட்டினேன், தலையிலும் ஒரு கை பார்த்தேன். எடை சரியாக வந்தது. பையன் கண்ணாடியைப் பார்த்துவிட்டு மறுபடி அழுதான், அதற்கு நான் பொறுப்பல்ல.

சனிக்கிழமை அரங்கத்தில் எள் போட்டால் கீழே விழாது. அப்பா நீ வாயைத் திறந்தா எனக்குக் குழம்பிடுது, தலையை மட்டும் ஆட்டிக்கோ என்று ஆக்கிம் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மா ஜெபமாலையில் ஒரு பத்து மணி ஆக்கிமுக்கு, ஒரு பத்து மணி ஓந்த்ரேய்க்கு என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னடி இது என்று முறைத்தேன், ரெண்டு பேருக்கும் சோறு போட்டிருக்கேன் என்றாள். முதல் ஐந்து ரவுண்டில் உன் தம்பி பரவாயில்லை. ஆறாவதில் அந்தப் பையன் விட்ட வலதுகைக் குத்தில் ஆக்கிம் தொப்பென்று விழுந்தான். நடுவர் எண்ண ஆரம்பித்தார், படியேறி ஓடினானே, அந்தத் தெம்பு இப்போது இருந்தால் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. உன் அம்மா ஜெபத்தைப் பாதியில் விட்டு எழுந்து, "எந்திரிடா, உக்காந்து சாப்பிடவா வந்தே!" என்று போட்ட சத்தத்தில் நடுவரே ஒரு எண்ணிக்கையை மறந்திருப்பார். எழுந்தான். அதற்குப் பிறகு உன் குத்துக்குத் தப்பக் கற்றுக்கொண்டவன் வேறு ஆளாக ஆடினான் உலா, வாங்காமல் கொடுத்தான், தயங்காமல் கொடுத்தான். பத்தாவது ரவுண்டு முடிந்தபோது இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துதான் நின்றார்கள், விலக்கினால் இரண்டும் விழும்.

நடுவர் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். மதிப்பெண் போட்டவர்கள் மூன்று பேர், ஒருவர் ஓந்த்ரேய்க்கு, இரண்டு பேர் ஆக்கிமுக்கு. பெயரைச் சொன்னதும் கூரை இடிந்து விழுந்த மாதிரி சத்தம். நடுவர் உன் தம்பியின் கையை உயரத் தூக்கினார். அவன் என்ன செய்தான் தெரியுமா? தூக்கிய கையை மரியாதையாக விடுவித்துக்கொண்டு, திரும்பி ஓந்த்ரேயைக் கட்டிப்பிடித்து, அவன் கையை உயரத் தூக்கி, நாலு பக்கமும் கூட்டத்துக்குக் காட்டினான், சிரித்த முகத்தோடு. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒவ்வொரு இறுதிப்போட்டியிலும் செய்ததைத்தான் செய்தான், வேறு எதுவும் அவனுக்குத் தெரியாதே. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. ஓந்த்ரேய் அவன் காதில், "டேய் மடையா, நீடா! நீதான்டா!" என்று கத்துகிறான். இவன், "பரவால்ல பரவால்ல, ரொம்ப நல்லா ஆடினே" என்று அவன் முதுகைத் தட்டுகிறான். வாத்தியார் சொல்கிறார், நடுவர் சொல்கிறார், பட்டையை இடுப்பில் கட்ட வந்தால் அதை வாங்கி ஓந்த்ரேய் இடுப்பில் கட்டப் போகிறான். கடைசியில் உன் அம்மா கயிற்றுக்கு அடியில் புகுந்து உள்ளே போய் அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "ஆக்கிம், என்னைப் பாரு. நீதான் முதல்" என்றாள். அவளையும் நம்பவில்லை. அவள் தலைக்கு மேலே எட்டி, கூட்டத்தில் என்னைத் தேடினான். நான் தலையை ஆட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் ரிங்கின் நடுவில் அப்படியே உட்கார்ந்து, கையுறையால் முகத்தை மூடிக்கொண்டான். நானும் அழுதேன், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரின் தோளில் சாய்ந்து அழுதேன், அவரும் அழுதார், யாரென்று இன்னும் தெரியாது.

குத்து வாங்கி வீங்கியிருந்த ஆக்கிமின் கண்ணைப் பட்டணத்து மருத்துவர் பார்த்துவிட்டார், நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. கையுறையை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டான். உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் கடவுள் ஆரோக்கியமும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். பனியில் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல், டயரை ஒருமுறை பார்க்கச் சொல். ஒன்று மறந்துவிடாதே. இந்த ஞாயிறு ஆக்கிமுக்குப் போன் செய். செய்ததும் வாழ்த்துச் சொல்லிவிடாதே. சனிக்கிழமை யாருடா ஜெயிச்சது என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேள், அவன் வாயாலேயே சொல்லட்டும். நான் தினமும் காலையில் கேட்கிறேன், நேற்று வரை ஓந்த்ரேய் நல்லா ஆடினான்பா என்றே தொடங்கினான், இன்று காலைதான் முதல் வார்த்தையாக 'நான்' என்றான்.

மாறாத அன்போடு,
உன் அப்பா,
அலோய்ஸ் மாலெக்